அதுவும் நான்தான் சார்

இப்போது "ரைட், போலாம்" என்று ஒரு குரல் கேட்டு வண்டி நகர்ந்ததே அண்ணாச்சி, அது கண்டக்டர் இல்லை. நான். கண்டக்டர் அதோ, டைம் கீப்பர் ரூமில் இருந்து பையைப் பிடித்துக்கொண்டு ஓடி வருகிறார் பாருங்கள். "ஏய், யாருல ரைட்டு குடுத்தது? எவம்ல அது?" இதோ ஏறிவிட்டார். நீங்கள் ஜன்னலைப் பாருங்கள், நானும் பார்க்கிறேன். அவ்வளவுதான். டிரைவரைத் திட்டிவிட்டு முன்னால் போய்விட்டார்.

முன்பெல்லாம் இப்படி ஒன்று செய்தால் சிரிப்பை அடக்க முழங்கையைக் கடித்துக்கொள்வேன். இப்போது ஒன்றும் வரவில்லை. பல் டாக்டர் ஊசி போட்டு அனுப்புவார் இல்லையா, வீட்டுக்கு வந்து கன்னத்தைக் கடித்தாலும் தெரியாதே, அந்த மாதிரி இருக்கிறது. மூன்று வாரமாக அப்படித்தான். வலி இல்லை. அதுவரைக்கும் நல்லதுதானே?

நீங்கள் கோவில்பட்டிதானே? நானும் அங்கேதான். என் பெயர் இசக்கிராஜ். பதினெட்டு வயது, இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம். எந்தக் குரலும் எனக்கு ஒரு தடவை கேட்டால் போதும். "எலுமிச்ச சூஸ், சில்லுனு சூஸ்", இப்போது கீழே விற்றாரே, அவர். "இந்த எண் தற்போது உபயோகத்தில் இல்லை", அந்த அம்மா. உங்களுடையதும் வரும், நீங்கள் இன்னும் ஒரு வார்த்தை பேசினால். வேண்டாமா? சரி.

மடியில் இருக்கிற இந்த நீள நோட்டைப் பார்க்கிறீர்களா? இதன் பெயர் அனுமதி நோட்டு. எங்கள் தாணுமூர்த்தி சாருடையது. அவர் எங்கள் கம்ப்யூட்டர் துறைத் தலைவர். அவர் வீட்டில் இருந்துதான் வருகிறேன், இங்கே திருநெல்வேலி பெருமாள்புரத்தில்.

எங்கள் காலேஜில் பதினாறு கம்ப்யூட்டரை பீரோ மாதிரி இரண்டு ரேக்கில் அடுக்கி, ஒரு குளிர் ரூமில் வைத்திருக்கிறார்கள். பதினாறும் சேர்ந்து ஒரே கணக்கைப் போடும். கிளஸ்டர் என்பார்கள். மழை எங்கே எவ்வளவு பெய்யும் என்கிற மாதிரி பெரிய கணக்கு. பதினாறையும் மேய்க்கப் பதினேழாவதாக ஒரு மெஷின். அதில் ஒரு சாஃப்ட்வேர். அதில் முழு அதிகாரம் இருக்கிறவன் ஒரு பட்டனை அழுத்தினால் பதினாறும் எழுந்திருக்கும். இன்னொரு பட்டனை அழுத்தினால் பதினாறும் தன்னைத்தானே துடைத்துக்கொண்டு பிறந்த குழந்தை மாதிரி உட்கார்ந்திருக்கும்.

போன ஜூனில் அந்த சாஃப்ட்வேரை ஏற்றினார்கள். தாணு சாரும், சிஸ்டம்ஸ் பார்க்கிற வியாகப்பன் அண்ணனும். ஒன்பது நாள். சார் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உள்ளேயே இருந்தார், கோவில்பட்டி வெயிலில் ஸ்வெட்டர்! மெஷின்களுக்கு அவர்தான் பெயர் வைத்தார். ரயில்வே ஸ்டேஷன் பெயர். அவர் இருபத்தாறு வருஷம் பாசஞ்சரில் வந்து போனவர் இல்லையா. திருநெல்வேலி, தாழையூத்து, கங்கைகொண்டான், நாரைக்கிணறு, மணியாச்சி, கடம்பூர், குமாரபுரம், கோவில்பட்டி, நல்லி, சாத்தூர், துலுக்கப்பட்டி, விருதுநகர், கள்ளிக்குடி, சிவரக்கோட்டை, திருமங்கலம், திருப்பரங்குன்றம். பதினாறு. மேய்க்கிற மெஷினுக்குப் பெயர் மதுரை. ஒரே மூச்சில் சொல்லுவார். யார் வந்தாலும் அந்த ரூம் வாசலில் நிறுத்தி ஒரு தடவை சொல்லிக் காட்டுவார். நானும் அவர் குரலிலேயே சொல்லுவேன். கிளாஸே உருளும்.

அனுமதி விஷயத்தில் மட்டும் அவர் கறார். மாணவர்களுக்குப் பார்க்க மட்டும். ஆராய்ச்சி செய்கிறவர்களுக்குக் கணக்குப் போட. முழு அதிகாரம் வேண்டும் என்றால் சார் சொல்ல வேண்டும். சார் இன்டர்காமில் சொல்லுவார், வியாகப்பன் அண்ணன் இந்த நோட்டில் தேதி, நேரம், யாருக்கு, எதற்கு என்று எழுதி அனுமதி கொடுப்பார், சனிக்கிழமை சார் வந்து மொத்தத்துக்கும் கையெழுத்துப் போடுவார். "ம்க்கும். கேட்டுக்கோ. ரெண்டு தடவ சொல்ல மாட்டேன். என் குரல்தான் அனுமதி. கையெழுத்து சனிக்கிழம. என் குரல்தான் அனுமதி. புரியுதா? என் குரல்தான்." எண்ணினீர்களா? மூன்று தடவை. எப்போதும் மூன்று தடவை.

சொல்லுங்கள் அண்ணாச்சி, என்னை வைத்துக்கொண்டு ஒருத்தர் அப்படிச் சொல்லலாமா?

ஆரம்பத்தில் வடைதான். கேன்டீனுக்கு இன்டர்காம் போட்டேன். "ம்க்கும். ஆறு உளுந்த வடை, என் ரூமுக்கு." வடை போனது. நான் கேக்கலையே என்றாராம் சார். கேன்டீன் மாஸ்டர், "நீங்கதான சார், மூணு தடவ சொன்னீய" என்றாராம். சார் ஒன்றைத் தின்றுவிட்டு மிச்சத்தை ஆபீஸில் கொடுத்துவிட்டார். அப்புறம் வாட்ச்மேன், பின்கேட்டைப் பூட்டச் சொன்னேன். அப்புறம் லைப்ரரி மேடம், ஒரு தள்ளுவண்டி நிறைய அகராதி கொண்டுபோய் சார் ரூமில் இறக்கினார்கள்.

இதில் உச்சம் எது தெரியுமா? ஸ்டாஃப் மீட்டிங். "எல்லாரும் மூணு மணிக்கு கிரவுண்டுக்கு வாங்க." பதினோரு பேர் வெயிலில் நிற்கிறார்கள். தாணு சார் குடையோடு அந்தப் பக்கம் போகிறார். "என்ன எல்லாரும் இங்க?" "நீங்கதான சார் வரச் சொன்னீங்க." அவர் நின்றார். குடையை மடக்கினார், மறுபடி விரித்தார். அப்புறம் மீட்டிங்கை நடத்திவிட்டார் அண்ணாச்சி! இருபது நிமிஷம். ஒழுக்கம், வருகைப் பதிவு, கழிப்பறைக் குழாய் என்று வாயில் வந்ததை எல்லாம் பேசினார். நாங்கள் மாடியில் குப்புறப் படுத்துக்கொண்டு, எனக்கு மூச்சே நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு அவர் சட்டைப் பையில் ஒரு பச்சை டைரி வந்தது. யாருக்குப் போன் பண்ணினாலும் எடுத்து எழுதுவார். பேனா மூடியைப் பல்லால் கழற்றி, இப்படி, கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு. அதையும் நான் செய்து காட்டுவேன். கைதட்டல்.

மொத்தம் எத்தனை தடவை இருக்கும்? ஐந்தாறு. ஒன்பது. பத்துக்கு உள்ளேதான்.

பிறகு அந்த வெள்ளிக்கிழமை. எனக்கு ஒரே ஒரு ஆசை. பதினாறு மெஷினிலும் யார் லாகின் பண்ணினாலும் முதல் வரியாக "இன்று கல்லூரி விடுமுறை" என்று வர வேண்டும். அதற்கு முழு அதிகாரம் வேண்டும். எங்கள் வகுப்பு அறுபது பேருக்கும் பொதுவாக ஒரு பயிற்சிக் கணக்கு உண்டு. காலை பதினொன்று பத்துக்கு டிராயிங் ஹாலில் இருந்து இன்டர்காம்.

"ம்க்கும். வியாகப்பா, கேட்டுக்கோ. ரெண்டு தடவ சொல்ல மாட்டேன். பயிற்சிக் கணக்குக்கு முழு அதிகாரம் குடு."

"சார், பயலுவளுக்கா? முழுசுமா?"

"பயிற்சிக் கணக்குக்கு முழு அதிகாரம். பிராக்டிகல் இருக்கு. நான் சொல்ற வரைக்கும் இருக்கட்டும். முழு அதிகாரம்."

"சரிங்க சார். சத்தம் கொஞ்சம் கம்மியா இருக்கு, உடம்புக்கு ஏதும்..."

"உன் ஏசி சத்தத்துல என் சத்தம் எங்கல கேக்கும்?"

சிரித்துக்கொண்டே வைத்தார். பார்த்தீர்களா, அது சார் சொல்லுகிற பதில். நான் யோசித்துச் சொல்லவில்லை, அதுவாக வந்தது.

எங்களுக்கு லேப் செவ்வாய்க்கிழமைதான். நடுவில் சனிக்கிழமை வந்தது. சார் ஒரு கையில் டீயோடு நோட்டைத் திறந்து, பதினான்கு வரிக்கும் மேலிருந்து கீழே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். அந்த வரிக்கும்தான். படித்துப் பார்க்க வேண்டியது யார் பொறுப்பு? நான் ஒன்றும் சொல்லவில்லை, கேட்கிறேன்.

செவ்வாய்க்கிழமை என் வரியை எழுதினேன். "எல்லா மெஷினுக்கும் புதிதாக ஏற்றவா?" என்று சாஃப்ட்வேர் கேட்டது. ஏற்று என்றேன். "இருப்பவை அழியும், சம்மதமா?" என்றது. எந்த சாஃப்ட்வேரும் அப்படித்தான் கேட்கும், நாம் எங்கே படிக்கிறோம்? சம்மதம் என்றேன். திரையில் பதினாறு பச்சைப் புள்ளி. திருநெல்வேலி மஞ்சளாகி அணைந்தது. தாழையூத்து அணைந்தது. கங்கைகொண்டான். நாரைக்கிணறு. ரயில் போகிற மாதிரியே வரிசையாக. திருப்பரங்குன்றம் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன். கை மவுஸ் மேலேயே இருந்தது. அப்போதுதான் அண்ணாச்சி, ஊசி போட்ட மாதிரி ஆனது.

நஸ்ரீன் அக்கா என்று ஒருத்தர், ஆராய்ச்சி மாணவி, பத்தொன்பது நாளாக மழைக் கணக்கு ஓட்டிக்கொண்டிருந்தார்கள். டிபன் பாக்ஸோடு வந்து ரேக் முன்னால் நின்றார்கள். திறக்கவே இல்லை. ஆனால் மறுபடி போட்டாச்சு. இரண்டு நாளில் பதினாறு மெஷினையும் எழுப்பியாச்சு. யாருக்கும் வேலை போகவில்லை. நான் எழுதின அந்த விடுமுறை வரி மட்டும் ஒரு மெஷினிலும் வரவே இல்லை.

மறுநாள் விசாரணை. எங்கள் அறுபது பேரையும் பிரின்சிபால் ரூம் வராந்தாவில் நிறுத்தியிருந்தார்கள். ஜன்னல் திறந்திருந்தது. எனக்கு எல்லாம் கேட்டது.

"நான் அனுமதி குடுக்கவே இல்லை," இது தாணு சார்.

"சார், மாதா மேல சத்தியமா சொல்லுதேன். பதினொண்ணு பத்து. மூணு தடவ சொன்னிய. ஏசி சத்தத்துல என் சத்தம் எங்கல கேக்கும்னு கேலி பண்ணிய." வியாகப்பன் அண்ணன் அழுதுவிட்டார். நோட்டைத் திறந்து வைத்தார். சார் கையெழுத்து, சனிக்கிழமைத் தேதி.

பேனா மூடியைப் பல்லால் கழற்றுகிற சத்தம் கேட்டது. பச்சை டைரியைப் புரட்டியிருப்பார். அதில் இருக்காதே!

"ம்க்கும். சொல்லியிருப்பேன்," என்றார். கொஞ்சம் கழித்து, "வியாகப்பன் பொய் சொல்ல மாட்டான். சொல்லியிருப்பேன்."

அன்றைக்கு ஒரு தடவைதான் அண்ணாச்சி மூன்று தடவை சொல்லாமல் நிறுத்தினார்.

எங்களைக் கூப்பிடவே இல்லை. கிளாஸுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். சார் லீவில் போனார். தலைவர் பதவி வேண்டாம் என்கிறார், பைக்கை எடுப்பதில்லை, மகள் பெங்களூரில் இருந்து ஃபோன் பண்ணி ஆஸ்பத்திரியில் நாள் வாங்கிவிட்டாள், வருகிற திங்கட்கிழமை மண்டையை ஸ்கேன் எடுத்து ஞாபகத்துக்கு என்று ஏதோ பரீட்சை எல்லாம் வைக்கப்போகிறார்கள். வியாகப்பன் அண்ணன் சொன்னார். நேற்று வந்து, "சார் பொறுப்ப ஒப்படைக்காவ. லெட்டரும் மதுரை மெஷினுக்கு உள்ள பாஸ்வேர்டும் கவர்ல போட்டுத் தாராவளாம். நோட்டுல கடைசியா கையெழுத்தும் வாங்கணும். ரூம விட்டு என்னால வர முடியாது. யாருல போறிய?" என்றார். என் கை உயர்ந்தது. ஏன் உயர்ந்தது என்று கேட்காதீர்கள்.

போனேன். சார் வாசல் நாற்காலியில் ஸ்வெட்டர் போட்டு உட்கார்ந்திருந்தார். வீட்டில் ஏசி கூடக் கிடையாது. என்னைப் பார்த்ததும் பச்சை டைரியை எடுத்தார்.

"நான் வரச் சொன்னேனா தம்பி?"

வியாகப்பன் அண்ணன் அனுப்பினார் என்று சொல்ல வேண்டும். வாயில் என்ன வந்தது தெரியுமா? "ஆமா சார்." சார் அதை எழுதிக்கொண்டார்.

உள்ளே உட்கார வைத்தார். அவரே ஆரம்பித்தார். "அந்த வெள்ளிக்கிழம எனக்கு நல்லா ஞாபகம் வந்துட்டு. லைப்ரரி படி பக்கத்துல நின்னேன். வியாகப்பன்ட்ட சொன்னேன். சொன்னதும் மறந்துட்டு பாத்தியா." லைப்ரரி படி பக்கத்தில் இன்டர்காமே கிடையாது அண்ணாச்சி.

"சார், அது நீங்க இல்ல. நான்," என்றேன்.

சிரித்தார். "வியாகப்பன் சொல்லிக்குடுத்தானா? என்னைத் தேத்த ஆளனுப்புதான். நல்ல பயலுவ."

எவ்வளவு சொன்னாலும் நம்பவில்லை. வேறு வழி? தொண்டையைக் கனைத்தேன். "ம்க்கும். கோமு, தண்ணி கொண்டா. கேட்டியா? தண்ணி."

"இந்தா வாரேன், எத்தன தடவதான் சொல்லுவிய!" என்று உள்ளேயிருந்து சார் மனைவி கோமதி அம்மா வந்து டம்ளரை சாரிடம் நீட்டினார்கள். அவர்கள் என்னைப் பார்க்கவே இல்லை. சார் டம்ளரை வாங்கவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "நான் கூப்பிடல கோமு," என்றார். மெதுவாக. "நான் கூப்பிடல. இந்தப் பய. நான் கூப்பிடல."

அடிப்பார் என்று நினைத்தேன். கன்னத்தைக்கூடத் தயாராக வைத்துக்கொண்டேன். எப்படியும் தெரியாது. அவர் டைரியின் கடைசிப் பக்கத்தைத் திறந்தார். ஒரு பட்டியல். தான் சொன்னதாக மற்றவர்கள் சொல்லி, தனக்கு ஞாபகம் இல்லாதது எல்லாம். பேனாவை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"வட?"

"நான்தான் சார்."

டிக்.

"பின்கேட்டு?"

"நான்தான் சார்."

"லைப்ரரி, அகராதி?"

"நான்தான்."

"கிரவுண்டு மீட்டிங்? லே, அதுமா? இருபது நிமிஷம் பேசவச்சிட்டியேல என்னை!" என்று சிரித்துவிட்டார். கண்ணில் தண்ணீர். நானும் சிரித்தேன். அவர் சிரித்த மாதிரியே வந்தது. ஒவ்வொரு டிக்குக்கும் முகத்தில் ஒரு வயது குறைந்தது. கோமதி அம்மா அந்தத் தண்ணீர் டம்ளரோடு கதவில் சாய்ந்து நின்றார்கள்.

அப்புறம் கேட்டார். "மக பிறந்தநாளுக்கு. காலைல பேசினேன். மத்தியானம் மறுபடி கூப்பிட்டு முதல் தடவ மாதிரியே வாழ்த்து சொன்னேனாம். மக அழுதா. அது?"

எனக்கு அவருக்கு மகள் இருப்பதே நேற்றுதான் தெரியும். பேனா டைரி மேல் நிற்கிறது. என்னைப் பார்க்கிறார், சின்னப்பையன் மாதிரி. என்ன சொல்லச் சொல்கிறீர்கள்?

"அதுவும் நான்தான் சார்."

டிக்.

"மார்க்கெட்டுல பைக்க விட்டுட்டு பஸ்ஸுல வந்தது?"

பஸ்ஸில் வந்ததற்கு எப்படிக் குரல் கொடுப்பது? ஆனால் நமக்கா வராது? "நீங்க போன் பண்ற மாதிரி நான்தான் சார் மெக்கானிக்கை எடுத்துட்டுப் போகச் சொன்னேன். அப்புறம் அங்கேயே விட்டுட்டான்." டிக். கேஸ் அடுப்பு. டிக். இன்னும் மூன்று நான்கு. எல்லாம் எடுத்துக்கொண்டேன். எப்படிடா உனக்கு என் மகள் நம்பர் கிடைத்தது என்று அவர் கேட்கவே இல்லை. கோமதி அம்மா வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள். சந்தோஷம் தாங்கவில்லை போல.

பட்டியல் முடிந்தது. ஒன்றுகூட மிச்சமில்லை. சார் எழுந்து ஃபோனை எடுத்தார். பழைய குரல் அண்ணாச்சி, ஸ்வெட்டர் போட்டு ரேக் முன்னால் நின்ற குரல். "ம்க்கும். திங்கக்கிழம நான் வரல. பரிசோதன வேண்டாம். ரெண்டு தடவ சொல்ல மாட்டேன். வேண்டாம். கேட்டீங்களா? வேண்டாம்." வைத்துவிட்டார். ஒப்படைப்பு லெட்டரை நாலாகக் கிழித்தார். பாஸ்வேர்டு கவரைத் தன் பையிலேயே போட்டுக்கொண்டார். "வியாகப்பன்ட்ட சொல்லு, திங்கக்கிழம காலேஜுக்கு வாரேன். மதுரை என் கையிலயே இருக்கட்டும்."

ஆகவே எல்லாம் சரியாகிவிட்டது. நான் செய்ததை ஒத்துக்கொண்டேன், செய்யாததையும் சேர்த்து ஒத்துக்கொண்டேன். இதற்கு மேல் ஒருத்தன் என்ன செய்வான்? நீங்கள் ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்?

கோமதி அம்மாவா? கேட் வரைக்கும் என் பின்னால் வந்தார்கள். "தம்பி, அந்தப் பிறந்தநாளு..." என்று ஆரம்பித்தார்கள். அதற்குள் சார் வந்துவிட்டார். அம்மா நிறுத்திக்கொண்டார்கள்.

சார் கேட்டைப் பிடித்துக்கொண்டு, "நில்லு, கேட்டுட்டுப் போ," என்றார். ஒரே மூச்சில் சொன்னார், குளிர் ரூம் வாசலில் சொல்லுவாரே, அந்த மாதிரி. திருநெல்வேலி, தாழையூத்து, கங்கைகொண்டான், நாரைக்கிணறு, மணியாச்சி, கடம்பூர், குமாரபுரம், நல்லி, சாத்தூர் என்று திருப்பரங்குன்றம் வரைக்கும் நிற்காமல் போனார்.

"சரியா இருக்கால?"

கோமதி அம்மா என்னைப் பார்த்தார்கள்.

"சரியா இருக்கு சார்."

கோவில்பட்டியை விட்டுவிட்டார். ஒரு ஊர்தானே அண்ணாச்சி.